தாடை நெஞ்சில் படக்கூடாது என்ற விஷயமாக மாப்பிள்ளைக்கு

அன்பும் பண்பும் நல்ல உத்தியோகமும் ஒருங்கே வாய்ந்த மாப்பிள்ளைக்கு, உங்கள் மனைவியின் ஒரே தாய்மாமன் எழுதிக்கொள்வது. இங்கே தாயும் பிள்ளையும் நலம். அந்த நலத்தில் முக்கால் பங்கு என்னுடையது என்பதை உங்களிடம் ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பிள்ளையை மார்போடு கட்டிக்கொள்ள நீங்கள் அனுப்பிய துணி வந்தது. உங்கள் அம்மாவின் பேச்சைப்போல இழுக்க இழுக்க நீள்கிறது (புகழ்ச்சியாகத்தான் சொல்கிறேன்). கட்டும் விதத்தை நர்ஸம்மா வீட்டுக்கே வந்து காட்டினார். மற்றவர்களுக்குப் பலமுறை, எனக்கு ஒரே முறை. நமக்குக் கற்பூர புத்தி. "இறுக்கமா இருக்கணும், முகம் தெரியணும், குனிஞ்சா உச்சந்தலையில முத்தம் எட்டணும், தாடை நெஞ்சில படக்கூடாது" என்றார். யாருடைய தாடை, யாருடைய நெஞ்சு என்று சொன்னாரா? இல்லையே! நான் என் தாடையைத் தூக்கிக்கொண்டேன்.

மறுநாள் பிள்ளையைக் கட்டி, பாவம் மூச்சு முட்டுமே என்று கருணையோடு கொஞ்சம் தளர்த்தியும் விட்டு, வானத்தைப் பார்த்தபடி கடைத்தெருவில் நடந்தேன். ஊரே ஒதுங்கி வழிவிட்டது. மருந்துக்கடைக்காரர், "என்ன சார், தேர்தல்ல நிக்கிறீங்களா?" என்று கேட்டார். விளக்குக் கம்பத்தை லேசாக உரசி, அதனிடம் மன்னிப்புக் கேட்டு, வீடு திரும்பினால் வாசலிலேயே உங்கள் மனைவி, "மாமா, பிள்ளை எங்க?" என்றாள். "இங்கதாம்மா" என்று நெஞ்சைத் தட்டினேன். நெஞ்சு மட்டும்தான் இருந்தது. பிள்ளை இடுப்புவரை நழுவி, தன் தாடை தன் நெஞ்சில் புதைய, கர்ர் கர்ர் என்று மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது. அவள் வெடுக்கென்று உருவி நிமிர்த்தினாள்; வீறிட்டது பாருங்கள்! அந்த அழுகையைக் கேட்டு அவள் சிரித்தாள், என்னைப் பார்த்து அழுதாள். "பிள்ளையோட தாடை, மாமா! உங்க தாடை எக்கேடு கெட்டா எனக்கென்ன?"

வாக்கியத்தை முழுசாகச் சொல்லாத நர்ஸம்மாவுக்குக் காப்பி. பிள்ளையை இனித் தொடக்கூடாது என்ற தண்டனை எனக்கு. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள். சொல்லுங்கள்.

பிள்ளை என் அறிவும் உங்கள் சம்பளமும் பெற்று நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
திறமை இருந்தும் மதிப்பில்லாத
மாமா

பின்குறிப்பு: என் திறமையை நிரூபிக்க, பெரிய சர்க்கரைப் பொட்டலம் ஒன்றை அதே துணியில் கட்டிக்கொண்டு இக்கடிதத்தைத் தபாலில் சேர்க்கப் புறப்பட்டேன். தெருமுனையில் குனிந்து பார்த்தால் துணி இருக்கிறது, சர்க்கரை இல்லை. சர்க்கரை இருந்த இடத்தில் பிள்ளையை நினைத்துப் பார்த்தேன். திரும்பி வந்து எழுதுகிறேன்: மேலே கேட்ட சிபாரிசு வேண்டாம், அவள் சொன்னதே சரி. அவளுக்கு வேறு துணி அனுப்புங்கள். இது என்னிடமே இருக்கட்டும். தொப்பையை அருமையாகத் தாங்குகிறது.