மூளைக்குக் கிடைத்ததாக நான் சொன்ன புலமைப்பரிசில்

கூர்,
18.07.1996

அன்பு மச்சான் மதிவதனனுக்கு,

சுவிஸ் கூர் நகரிலிருந்து உமது அத்தான் மூத்ததம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நியூ ஜேர்சியில் நீரும் பத்மினியும் பிள்ளைகளும் மாமாங்கப் பிள்ளையார் அருளால் ஒரு குறையுமின்றி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் இங்கே சுகம் என்று எழுதத்தான் வேண்டும், முறை அது. உடம்பு சுகம்தான். முகத்தைத்தான் வெளியில் காட்ட முடியவில்லை. தமிழ்க் கடைப் பக்கமே போகாமல், சுவிஸ் கடையில் மிளகாய்த்தூள் என்று விற்கிற சிவப்பு மாவை வாங்கிக் கறி வைத்துச் சாப்பிடுகிறோம்.

விசயத்துக்கு வருகிறேன். நிரஞ்சினிக்கு அமெரிக்கக் கல்லூரியில் கிடைத்த புலமைப்பரிசில் படிப்புக்கு என்று உமக்குச் சொன்னேன் அல்லவா? அது படிப்புக்கு இல்லை, மச்சான். ஓட்டத்துக்கு. என் மகள் சின்னக் காற்சட்டை போட்டுக்கொண்டு, தலைமயிரை இறுக்கிக் கட்டிக்கொண்டு, இங்குள்ள விளையாட்டுக் கழகத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் எல்லோருக்கும் முன்னால் ஓடினாள். ஒரு போட்டிக்கு வந்திருந்த அமெரிக்கப் பயிற்றுநர் அதைப் பார்த்துவிட்டு, எங்கள் கல்லூரிக்கு வந்து ஓடு, படிப்பு, சாப்பாடு, அறை எல்லாம் எங்கள் பொறுப்பு என்றார். பொம்பிளைப் பிள்ளை காற்சட்டையோடு ஓடித்தான் அமெரிக்கா போகிறாள் என்று எங்கள் சனத்திடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. 'கெட்டிக்காரியெண்டு கூப்பிட்டிருக்கிறாங்கள்' என்றேன். அதுவும் முழுப் பொய் இல்லை. எதில் கெட்டிக்காரி என்று மட்டும் சொல்லவில்லை.

கல்லூரி அனுப்பிய கடதாசியில் ஒரு வருடத்துக்கு, பிறகு புதுப்பிக்கப்படலாம் என்றுதான் இருந்தது. பிள்ளை எனக்கு வாசித்துக் காட்டினாள். 'அப்பா, இது கேரண்டி இல்லை. ஒவ்வொரு வருசமும் அவையள் விரும்பினாத்தான் தருவினம்' என்றாள். நான் சிரித்தேன். 'அட பிள்ளை, இஞ்ச இருக்கிறதுக்கு எங்கட பேமிற்றும் அப்பிடித்தானே. வருசா வருசம் வெளிநாட்டவர் பொலிஸுக்குக் கொண்டு போறன், முத்திரை குத்தித் தாறாங்கள். எனக்கு எப்பவாவது இல்லையெண்டவங்களோ?' 'நீங்கள் வேலை செய்யிறபடியால்தான் குத்துறாங்கள், அப்பா.' 'நீயும் ஓடத்தானே போறாய்!' என்று கதையை முடித்துவிட்டேன். எவ்வளவு பெரிய மூளைசாலி பாரும். போதாக்குறைக்கு, ஊரில் ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் எடுத்த பிள்ளையிடமிருந்து அதை எவனும் பறித்ததாக நான் கேள்விப்பட்டதும் இல்லை. ஆகவே நாலு வருடமும் கேரண்டி என்று சொல்லித் திரிந்தேன். பாரிஸிலிருந்து வரும் தமிழ்ப் பத்திரிகையில் படத்துடன் வாழ்த்து விளம்பரமும் போட்டேன். அவள் முதலாவதாக ஓடி வருகிற நல்ல படம் ஒன்று இருந்தது. நான் அனுப்பியது சேலையும் நகையுமாக அவள் நிற்கிற சாமத்தியச் சடங்குப் படம்.

அத்துடன் நின்றிருந்தால் பரவாயில்லை. இங்குள்ள தமிழ்ப் பாடசாலை ஆண்டு விழாவுக்கு என்னைப் பிரதம விருந்தினராகக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டது யோகராஜா அண்ணை. பாடசாலையின் தலைவர், சொந்தமாக ஒரு வான் வைத்திருப்பவர், நான் வாய் திறந்தால் அதைக் கூர் முழுக்க ஏற்றி இறக்குபவர். ஹோட்டல் குசினியில் சட்டி கழுவுகிற எனக்கு மாலை! பொன்னாடை! மைக்! மைக்கைக் கண்டதும் எனக்குள் என்ன புகுந்ததோ தெரியாது. 'பெற்றோரே, பிள்ளைகளை ஓட்டம், பந்தடி என்று விட்டுப் பழுதாக்காதீர்கள். என் மகளைப் பாருங்கள். புத்தகம், புத்தகம், புத்தகம்!' என்று மேசையில் குத்தினேன். சனம் கைதட்டியது. உமது அக்கா மனோகரி மட்டும் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குனிந்திருந்தாள். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தேன். அடுத்த கிழமையே, அங்கே கைதட்டிய சந்திரகுமார் தன் சின்னவளை விளையாட்டுக் கழகத்திலிருந்து நிறுத்திவிட்டார். நிரஞ்சினியைப் பார்த்துத்தான் அந்தப் பிள்ளை ஓட வந்தது. இப்போது றோட்டில் என்னைக் கண்டால் மற்றப் பக்கம் திரும்பிக்கொள்கிறது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருக்கிறது.

இரண்டு வருடம் ஓடினாள். கோப்பை கோப்பையாக வென்றாள், எல்லாம் அந்தக் கல்லூரியின் அலுமாரிக்கு. இந்த மாசி மாதம் முழங்கால் நோகுது என்றாள். ஊசி போட்டுக்கொண்டு ஓடச் சொல்கிறார் பயிற்றுநர், 'என்னப்பா செய்ய?' என்று ரெலிபோனில் கேட்டாள். ஒரு தகப்பன் என்ன சொல்ல வேண்டும்? 'இருந்து ஆறு பிள்ளை' என்று சொல்ல வேண்டும். நான் சொன்னேன், 'கொஞ்சம் தாங்கிக்கொண்டு ஓடு, அம்மா. புதுப்பிக்கிற நேரம்.' பேமிற் புதுப்பிக்கிற நேரத்தில் காய்ச்சலோடும் வேலைக்குப் போகிறவன் நான், அந்தப் புத்தி. அவள் என் சொல்லைக் கேட்டு ஓடினாள். முழங்கால் சவ்வு கிழிந்து விழுந்தாள். இதை எழுதக் கை கூசுகிறது.

ஆனி மாதம் கடதாசி வந்தது: இதுவரை ஓடியதற்கு நன்றி, வரும் வருடத்துக்குப் புலமைப்பரிசில் இல்லை. வகுப்பில் முதல் ஆள் அவள்தான், அது கணக்கில் வராதாம். எனக்கு வந்த கோபத்தில் வேலை இடைவேளையில் ஹோட்டல் பின்கதவடியில் நின்று அந்தப் பயிற்றுநருக்கே ரெலிபோன் எடுத்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷையும் ஜெர்மனையும் குழைத்துச் சொன்னதைத் தமிழில் தருகிறேன். 'இஞ்ச பாரும் ஐயா, நான் சட்டி கழுவுறவன். போன மாரியில குசினியில வழுக்கி விழுந்து கையை முறிச்சன். உன்ஃபால் எண்டுற விபத்துக் காப்புறுதிக்காரர் வீட்டில இருத்திச் சம்பளத்தில பெரும்பங்கைத் தந்தவை. முதலாளி கலைக்கேல்லை, கலைக்கச் சட்டமும் விடாது. என்ர பிள்ளை உமக்காக ஓடித்தானே விழுந்தவள்?' அவர் மிக மரியாதையாகச் சொன்னார், 'உங்கள் மகள் தொழிலாளி இல்லை, மாணவி.' 'மாணவியெண்டால் படிக்கிறாள்தானே, பிறகேன் கலைக்கிறீர்?' 'அவளால் இனி ஓட முடியாதே.' 'அப்ப ஓடினது வேலையோ, படிப்போ?' அவர், இந்த நாள் உங்களுக்கு நல்ல நாளாக அமையட்டும் என்று வைத்துவிட்டார். உள்ளே போனால் ஷெஃப் யாரோடு சண்டை என்று கேட்டார். அமெரிக்காவோடு என்றேன்.

இந்த அநியாயத்தை ஊருக்குச் சொன்னால் என்ன என்று நீர் கேட்பீர். எப்படி ஐயா சொல்வது? மூளைக்குக் கொடுத்ததை முழங்கால் நோவுக்காக எவன் பறிப்பான்? 'பிள்ளை சோதினையில கோட்டை விட்டிட்டாள் போல' என்றுதான் யோகராஜா அண்ணை முடிவெடுப்பார். வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளையை என் பொய்யே மக்கு ஆக்கிவிடும். இந்தக் குழப்பத்தில்தான், 'வீட்ட வரட்டோ அப்பா?' என்று அவள் கேட்டபோது, 'இப்ப வராத பிள்ளை, சனம் என்ன கதைக்கும்' என்று சொல்லிவிட்டேன். 'ஓம் அப்பா' என்று வைத்தாள். அதற்குப் பிறகு எனக்கு எடுக்கவில்லை. நான் எடுத்தால் அந்த அறையில் வேறு யாரோ பேசுகிறார்கள். மனோகரியிடம் சொன்னால், 'எங்கயாவது நல்லாத்தான் இருப்பாள்' என்று வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்கிறாள். கல் மனம். ஊன்றுகோலோடு தன் பிள்ளை எங்கே நிற்கிறாள் என்று தெரியாத தகப்பன் உம்மிடம் கெஞ்சுகிறேன், மச்சான்.

நீர் அந்தக் கல்லூரிக்குப் போய்ப் பிள்ளையைத் தேடி உம்முடைய வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். ஒரு குருவிக்கும் தெரியக்கூடாது. யாரும் கேட்டால் ஆராய்ச்சிக்கு வந்திருக்கிறாள் என்று சொல்லும். என்ன ஆராய்ச்சி என்று கேட்டால் முழங்கால் சம்பந்தப்பட்டது என்று சொல்லலாம், ஊன்றுகோலுக்கும் பொருந்தும். கோவிலுக்கு மட்டும் கூட்டிப் போகவேண்டாம். அங்கே யோகராஜா அண்ணையின் ஒன்றுவிட்ட தமையன் வருவார். மிச்சப் படிப்பை முடிக்க வேறு கல்லூரியில் உதவி கிடைக்குமோ என்றும் விசாரியும். இந்த முறை உண்மையிலேயே மூளைக்கு.

பத்மினிக்கு எங்கள் அன்பு. பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. நன்றாகப் படிக்கட்டும், ஓட விரும்பினால் ஓடட்டும். உங்கள் வீட்டு முழங்கால்களை எல்லாம் பிள்ளையார் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

வெட்கத்துடன்,
உமது அத்தான்
மூத்ததம்பி

பி.கு.: விலாசம் எழுத மனோகரியிடம் கொடுத்தேன், இங்கிலீஷ் எழுத்து அவளுக்குத்தான் வடிவு. அவள் விலாசம் எழுதாமல் முழுக் கடிதத்தையும் வாசித்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, 'பிள்ளை தம்பி வீட்டிலதான் நிக்கிறாள். நீங்கள் வராதயெண்ட அண்டே தம்பி போய்க் கூட்டிக்கொண்டு வந்திட்டான்' என்றாள். ஓட்டக் கதையும் உமக்கு ஆரம்பத்திலேயே தெரியுமாம். போட்டிகளுக்குப் போய்த் தொண்டை கட்டும்வரை கத்தினீராமே! எல்லோருமாகச் சேர்ந்து என்னிடம் ஒளித்திருக்கிறீர்கள். கோபிக்க எனக்கு வாய் இல்லை. ஆனால் ஒன்று என்னை வெட்டிப்போட்டது. 'அப்பா என்னை வீட்ட வர விடுவாரோ?' என்று பிள்ளை ஒவ்வொரு முறையும் தாயிடம் கேட்கிறாளாம்.

மேலே எழுதிய ஆராய்ச்சி, ஒளிப்பு எல்லாவற்றையும் வெட்டிவிடும். பிள்ளை இங்கே வீட்டுக்கே வரட்டும். ஊன்றுகோலோடு சூரிச் விமான நிலையத்திலிருந்து ரெயிலில் வரக் கஷ்டம் என்று இப்போதுதான் யோகராஜா அண்ணையிடம் ரெலிபோனில் வான் கேட்டேன். ஏன் என்றார். ஓட்டம், காற்சட்டை, சவ்வு, பொய் எல்லாம் சொன்னேன். 'அப்ப அண்டைக்கு மேடையில சொன்னது?' என்றார். 'பொய் அண்ணை.' 'சந்திரகுமாரின்ர பிள்ளை?' 'அங்கதான் இப்ப வெளிக்கிடுறன்.' 'பிளேன் எத்தினை மணிக்கு?' என்று கேட்டார்.

உடனே உம்முடைய வீட்டுக்கு எடுத்தேன். 'ஹலோ' என்றது அவள் குரல். எனக்கு வாய் வரவில்லை, வைத்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம் வருகிறது. நீர் வைத்துக்கொள்ளாமல் அவளிடம் கொடும். நான் கூசின இடங்களையும் சேர்த்து வாசிக்கட்டும். வாசித்து முடித்து, மனமிருந்தால் எனக்கு எடுத்து, பிளேன் எத்தனை மணிக்கு என்று சொல்லச் சொல்லும்.