பச்சைச் சீட்டு எழுபத்தொன்று

இந்த ஒரு விஷயத்தில் நோரீனுக்குப் பணிவதில்லை என்று முடிவு செய்தேன்.

ஜீலாங் துறைமுகத்தில் உள்ள 'நங்கூரம்' பப்பில் எங்கள் ராக் குழு பதினேழு வருஷமாக வாசிக்கிறது. நான் கிதார். இப்போதுதான் முதல் இசைத்தட்டு வரப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் கச்சேரியை அப்படியே ஒலிப்பதிவு செய்வதாக ஏற்பாடு. ஒரே நாள், ஒரே தடவை. அதில் என் பதினொரு நிமிடத் தனி ஆவர்த்தனம் முழுசாக இடம்பெற்றே தீரவேண்டும்.

"பதினோரு நிமிஷமா?" என்றாள் என் மனைவி நோரீன். "நீ அதை ஆரம்பிச்சா பப் நாய்கூட எழுந்து வெளியே போகுது."

"நாய்க்குச் சங்கீதம் தெரியாது."

"தெரிஞ்சதாலதான் போகுது. ரெண்டு நிமிஷத்துல முடி."

"முடியாது."

"சரி."

அவள் இவ்வளவு சீக்கிரம் 'சரி' சொன்னதே இல்லை. உடனே குலுக்கல் ஞாபகம் வந்தது. ஞாயிறுதோறும் நாலு மணிக்கு பப்பில் இறைச்சிக் குலுக்கல். சீட்டு விழுந்தவருக்கு ஒரு தட்டு நிறையக் கறி. நடத்துபவள் நோரீன். அதற்காக எந்தப் பாட்டையும் பாதியில் நிறுத்தச் சொல்வாள்.

"நான் வாசிக்கும்போது நிறுத்தச் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு."

"சத்தியம். இந்தா, நீயும் ஒரு சீட்டு வச்சுக்கோ."

பச்சைச் சீட்டு, எழுபத்தொன்று. ஜெயித்துவிட்ட மிதப்பில் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஞாயிறு. நாலு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது என் தனியைத் தொடங்கினேன். விரல்கள் பறந்தன. நாய் எழுந்து போனது. நோரீன் மேடையேறி, பாடகன் டெஸ்மண்டிடமிருந்து மைக்கை வாங்கினாள்.

"நீ பாட்டுக்கு வாசி கண்ணு," என்றாள். சீட்டுப் பெட்டிக்குள் கையை விட்டாள். "பச்சை, எழுபத்தொண்ணு. ரெண்டு கிலோ ஆட்டுக்கறி, பன்னெண்டு சாசேஜ். மூணு எண்ணுறதுக்குள்ள கையைத் தூக்கலேன்னா வேற சீட்டு எடுப்பேன். ஒண்ணு... ரெண்டு..."

பதினேழு வருஷத்தில் எனக்கு ஒரு தடவைகூட விழுந்ததில்லை.

"எனக்குத்தான்," என்று கத்திக்கொண்டே கையைத் தூக்கினேன். இரண்டு கையையும்.

வீட்டுக்கு வந்ததும் சண்டை பிடித்தேன். "சத்தியம் என்னாச்சு?"

"நான் எங்கே நிறுத்தச் சொன்னேன்? கையைத் தூக்கினது யாரு?"

"பெட்டியில எல்லார் சீட்டும் இருந்துச்சா?"

"உன்னோடது இருந்துச்சு. கறி வெந்துடுச்சு, தட்டை எடு."

இசைத்தட்டு வந்துவிட்டது. வானொலியில் தினமும் அந்தப் பாட்டைத்தான் போடுகிறார்கள்: ஒரு நிமிடம் கிதார், அப்புறம் நோரீன், கடைசியில் என் கத்தல். அட்டைப் படத்தில் அவள் இறைச்சித் தட்டை ஏந்திச் சிரிக்கிறாள்.

நானும் இருக்கிறேன். சாசேஜுக்குப் பின்னால் தெரிவது என் காது.