ஒருத்தர் மனசும் புண்படவில்லை, மாமா

உத்திரமேரூர்,
ஆடி மாதம், கூழ் வார்த்த மறுநாள்.

மதிப்பிற்குரிய மாமா பஞ்சாட்சரம் அவர்களுக்கு, சுகுமார் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சுகம். வாலாஜாபாத்தில் நீங்களும் அத்தையும் பிரபாவும் ரைஸ் மில்லும் சுகமாக இருக்க வேண்டும். போனிலேயே சொல்லியிருப்பேன், நீங்கள் எடுப்பதில்லை. அதனால் பேனா.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒலி சேர்த்து மிக்ஸிங் செய்துகொடுத்த, உறுமலே பாட்டான டெத் மெட்டல் ஆல்பத்தின் வரிகள் வாட்ஸ்அப்பில் உங்களுக்கு வந்ததும், "சாமி இல்லன்னு கத்தறவனோட சகவாசத்த வுட்டாத்தான் பொண்ணு" என்று அம்மாவிடம் சொல்லி, எனக்கும் பிரபாவுக்குமான நிச்சயதார்த்தத்தை நிறுத்திவிட்டீர்கள். வரிகளை எழுதியது கிட்டார் வாசிக்கும் ஆல்வின். தொண்டை கிழிய உறுமியது யாரென்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஏதோ புனைபெயரில் இணையத்தில் ஃபைல் மட்டும் வரும். நான் டிப்ளமோ எலக்ட்ரானிக்ஸ். வயர், வால்யூம், அதோடு என் வேலை முடிந்தது. இந்தப் பாட்டை ஊர் கேட்டால் நம் குடும்ப மானம் போய்விடும் என்று பயந்தீர்கள். உண்மையைச் சொன்னால் நானும் பயந்தேன். நேற்று ஊரே கேட்டுவிட்டது. ஒன்றும் ஆகவில்லை.

அம்மன் கோயிலில் கூழ் வார்த்தல், சவுண்ட் சர்வீஸ் கோபால் அண்ணன் ஸ்பீக்கர் பாக்ஸில் பேஸ் சத்தம் வரவில்லை என்று கூப்பிட்டார், நான் என் லேப்டாப்பை மாட்டி ஒரு அம்மன் பாட்டைப் போட்டுவிட்டு ஜெனரேட்டர் பக்கம் எர்த் பார்க்கப் போனேன், அம்மன் பாட்டு முடிந்ததும் அதே ஃபோல்டரில் இருந்த ஆல்பம் தானாக ஓட ஆரம்பித்துவிட்டது, மரத்துக்கு மரம் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் அத்தனையிலும். நான் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக ஓடி வருவதற்குள் கூழுக்கு நின்ற வரிசை கலைந்து பாக்ஸைச் சுற்றிக் கூடிவிட்டது. முதலில் லேப்டாப்பை உடைப்பார்கள், அடுத்து என்னை என்று முடிவு செய்துவிட்டேன். பார்த்தால், சொக்கம்மாள் அக்கா தட்டில் கற்பூரம் கொளுத்தி ஸ்பீக்கருக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

"யாரும்மா வந்துகீற? இன்னா கொற வெச்சோம் ஒனக்கு?"

ஸ்பீக்கர் 'கோயிலை இடி' என்று உறுமியது. மிக்ஸ் செய்த எனக்கே காகிதத்தைப் பார்த்தால்தான் வரி புரியும். சாமி வந்தவர்கள் உறுமிக் கேட்டுத்தான் இவர்களுக்குப் பழக்கம், அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

"ரொம்பக் கோவமா கீது. கூழு தண்ணியா கீதுன்னு சொல்து," என்றார் பூசாரி பாண்டியன்.

"நான் அப்பவே சொன்னேன், கேட்டீங்களா? கேவுரு மாவ எந்த வூட்டுக்குத் தூக்கினு பூட்டீங்க?" என்று சொக்கம்மாள் அக்கா விழாக் குழுவைப் பிடித்துக்கொண்டார்.

எங்கிருந்தோ ஒரு மாவு மூட்டை வந்தது. கூழ் மறுபடி அடுப்பேறிக் கெட்டியானது. இடையில் நான் பாட்டை நிறுத்தப் போனேன், "சாமி பேசிக்கினு கீது, கைய எட்றா!" என்று அடியே விழுந்தது. முழு ஆல்பமும் ஓடியது. பம்பைக்காரர் எல்லப்பனுக்கு மட்டும் ஒரு குறை. "ட்ரம்மு அடிக்கறவனுக்குக் கடைசி பஸ்ஸு பூடும்னு யாராச்சும் சொல்லிட்டாங்களா? இன்னாத்துக்குத் தம்பி இந்த அவ்சரம்?"

சத்தம் கேட்டு அடுத்த தெரு ஜெபவீட்டிலிருந்து அருள்தாஸ் அண்ணன் வண்டியில் வந்து இறங்கினார். இங்கே தப்பித்தாலும் அங்கே தப்பிக்க முடியாது என்று நின்றேன். அவர் என் தோளில் கை போட்டார். "பிசாசு ஓடறச்சே இப்டித்தான் கத்தும் தம்பி. சுத்தமா பதிவாயிகீது. சாட்சிக் கூட்டத்துல போடணும், பென் டிரைவ்ல குடு."

ஆல்வினுக்குப் போன் செய்தேன்.

"ஒருத்தர் மனசுகூடவா புண்படல?"

"இல்ல."

"வரிய ஒழுங்கா கேட்டாங்களா?"

"மாவு மூட்ட வந்திச்சி," என்றேன். வைத்துவிட்டான். இணையத்தில் ஒரு ரசிகர் கடவுள் எதிர்ப்பு போதவில்லை என்று அரை நட்சத்திரம் குறைத்திருந்ததில் அவன் ஏற்கெனவே நொந்து போயிருந்தான்.

ஆக, கேட்டவர்கள் யாரும் புண்படவில்லை, மாமா. படித்த நீங்கள் ஒருவர்தான். அந்த நிம்மதியில் நேற்று நன்றாகத் தூங்கினேன். உங்கள் நிபந்தனையையும் ஏற்கிறேன்: உறுமுகிற அந்த ஆசாமியோடு இனி எனக்கு எந்தத் தொடர்பும் இல்லை. எனக்குப் பிரபா வேண்டும். இதை நேரில் சொல்ல எனக்கு வராது, கடிதத்தில் வருகிறது. ஆவணியில் ஒரு நாள் பாருங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். மில் மோட்டார் பெல்ட் அறுந்து போகாமல் ஓடட்டும்.

இப்போதைக்கு அக்கா மகன் என்ற வகையில் மட்டும் உங்கள் மருமகன்,
சுகுமார்.

பி.கு.: உறையில் போடுமுன் இதைப் பிரபாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். நிபந்தனை வரியைத் திரும்பப் படிக்கச் சொன்னாள். பிறகு, "அந்த ஆசாமியோட தொடர்பே இல்லன்னா, நிச்சயம் யாரோட பண்ணிக்கப் போற?" என்றாள். எனக்குப் புரியவில்லை. புரிவதற்காக ஒருமுறை உறுமிக் காட்டினாள். மில்லில் மெஷின் ஓடும்போது நெல் மூட்டைகளுக்கு நடுவே நின்று பதிவு செய்தாளாம். நீங்கள் கல்லாவில்தான் உட்கார்ந்திருந்தீர்களாம். ஆல்பத்தில் தன் குரலை நான் அமுக்கிவிட்டேனாம், திரும்ப மிக்ஸ் செய்து தராவிட்டால் கல்யாணம் கிடையாது என்கிறாள். உங்கள் நிபந்தனையையும் அவள் நிபந்தனையையும் ஒன்றாக நிறைவேற்ற முடியாது, மாமா. அவளுடையதை இன்றே ஆரம்பித்துவிட்டேன்.