கண்டியிலிருந்து திருகோணமலைக்கு, சென்னை வழியாக

கண்டியிலிருந்து திருகோணமலைக்கு பஸ் இருக்கிறது. காலையில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரலாம். நான் அதே திருகோணமலைக்கு வேனில் கட்டுநாயக்காவுக்குப் போய், விமானத்தில் சென்னைக்குப் பறந்து, அங்கே கப்பலேறி, ஒரு பகலும் இரண்டு இரவும் கடலில் உருண்டு, கழுத்தில் அடையாள அட்டையோடு போய்ச் சேர்ந்தவன். மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. அதுவும், போவது திருகோணமலைக்கு என்று தெரியாமலே. (சிரிச்சு முடிச்சிட்டீங்களா? சரி, மேல போவோம்.)

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட பைப், டெப், சின்க் விற்கிற கடை வைத்திருக்கிறேன். தண்ணீரைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்ததற்கு இதைவிட வேறு காரணம் கிடையாது.

மூத்தவள் தர்ஷினி யாழ்ப்பாணத்துக்குப் படிக்கப் போக இருந்தாள். ஹொஸ்டல் எல்லாம் சரி. இளையவன் கவினுக்குப் பதினைந்து வயது. அவனுடைய அறைக் கதவைத்தான் நான் அதிகம் பார்த்தேன், முகம் மறந்து போய்க்கொண்டிருந்தது. என்னிடம் அவன் பேசுவது "டேட்டா முடிஞ்சிடுச்சு" என்ற ஒரே வசனம். இவள் போய்விட்டால் இனி நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சிரிக்கக் காலம் வராது என்று எனக்குள் ஒரு பயம். அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் ஒரு பிளேன் டீயோடு விஷயம் முடிந்திருக்கும். ஆம்பிளை அப்படிச் சொல்வானா? கப்பல் புக் பண்ணினேன்.

பேஸ்புக்கில் வந்த விளம்பரம் அது. சென்னையில் ஏற வேண்டும், வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றைப் பார்க்க வேண்டும், திரும்பச் சென்னையில் இறங்க வேண்டும். படத்தில் நீலக் கடல், வெள்ளை மணல், வளைந்த ஒரு தென்னை. வெளிநாடு, நீலக் கடல், தென்னை. மாலைதீவு! வேறென்ன? துறைமுகத்தின் பெயர் கீழே எறும்பு எழுத்தில் இருந்திருக்கிறது. எறும்புக்குத் தெரிந்திருக்கும். நான் கண்ணாடியைக் கடையில் விட்டுவிட்டு வந்திருந்தேன்.

வீட்டில் "எங்க போறோம்னு கேக்காதீங்க, சர்ப்ரைஸ்" என்றேன். இந்திய விசாவுக்கு மகள்தான் ஒன்லைனில் போட்டாள். "ரெண்டு தடவ உள்ள போற மாதிரி வேணும்பா" என்றாள். பிள்ளை எவ்வளவு கவனமாக இருக்கிறாள் என்று பெருமைப்பட்டேனே தவிர, ஏன் என்று கேட்கவில்லை.

ஊருக்கு மட்டும் சர்ப்ரைஸ் இல்லை. பேராதனையில் இருக்கிற என் மச்சான் பாஸ்கரன் ஒருமுறை சிங்கப்பூர் போய் வந்தவன். அன்றிலிருந்து வீட்டில் பருப்புக் கொதித்தால்கூட "சிங்கப்பூர்ல இப்படி இல்ல" என்பான். அவனுக்குத்தான் முதல் போன். பக்கத்துத் துணிக்கடை ரிஃபாய் நானாவுக்கு (எங்கள் ஊரில் மூத்த முஸ்லிம் ஆட்களை நானா, அதாவது அண்ணன், என்போம்) நேரிலேயே போய்ச் சொன்னேன். "மாலைதீவா? மாஷா அல்லாஹ்! பெரிய ஆள்தான் தம்பி" என்றார். அந்த வார்த்தையில் நான் ஒரு வாரம் மிதந்தேன். கப்பலில்கூட அவ்வளவு நன்றாக மிதக்கவில்லை.

அடுத்த புத்திசாலித்தனம், டீ-சேர்ட். நாலு பேருக்கும் ஒரே மஞ்சள் நிறம், நெஞ்சில் கப்பல் படம், முதுகில் அவரவர் பெயர். சென்னைத் துறைமுகத்தில் அதைப் போடச் சொன்னபோது கவின் என்னைப் பார்த்த பார்வையை, வாடிக்கையாளர் கசிகிற டெப்பைத் திருப்பிக் கொண்டு வரும்போது பார்த்திருக்கிறேன்.

"எல்லாரும் பாப்பாங்கப்பா."

"பாக்கட்டும்டா! அதுக்குத்தானே போடுறது."

பார்த்தார்கள். அந்தக் கப்பலில் நீச்சல் குளத்தில் துவாய் கொடுக்கிற வேலையாட்களுக்கும் அதே மஞ்சள் டீ-சேர்ட். ஏறி அரை மணித்தியாலத்தில், சென்னைக்காரர் ஒருவர் ஈரத் துவாயை என் கையில் திணித்து, "இன்னொண்ணு காஞ்சதா குடுப்பா" என்றார். நானும் பழக்க தோஷத்தில் "இருங்க சேர், எடுத்துத் தாறேன்" என்று எடுத்துக் கொடுத்துவிட்டேன். (கடைக்காரன் புத்தி. யாராவது கேட்டால் கை தானாக நீளும்.) திரும்பிப் பார்த்தால் என் பிள்ளைகள் இரண்டும் டீ-சேர்ட்டைக் கழற்றி மாற்றிக்கொண்டு கூட்டத்தில் கலந்துவிட்டன.

கடலைப் பற்றியும் எனக்குத் திமிர். "மஹியங்கனை ரோட்டுல பதினெட்டு வளைவும் ஏறி இறங்கினவன் நான். தலை சுத்துறதெல்லாம் கொழும்பு ஆளுங்களுக்குத்தான்" என்று என் மனைவி சாந்தியிடம் சொன்னேன். அவள் வாந்திக் குளிசை ஒன்றைப் போட்டுக்கொண்டாள். எனக்கும் ஒன்றை நீட்டினாள். மறுத்தேன். கப்பல் துறைமுகத்தைத் தாண்டியது. மஹியங்கனை ரோட்டில் வளைவுகள்தான் வளைந்திருக்கும், ரோடு மேலும் கீழும் போகாது என்ற உண்மையை அப்போதுதான் அறிந்தேன். முதலில் வாந்தி எடுத்தது நான். குளிசை போட்டும் பாதியில் விழுந்தது சாந்தி. பிள்ளைகளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் நான் எழும்பியதும் நேர அட்டவணை போட்டேன். காலையில் நாலு பேரும் சேர்ந்து சாப்பிடுவது, பிறகு மேல்தளத்தில் படம் எடுப்பது, பிறகு கரம் விளையாடுவது, பிறகு திரும்பவும் படம். பிள்ளைகளுக்குச் சென்னைப் பிள்ளைகளோடு சிநேகம் கிடைத்திருந்தது. போய்ப் பிடித்து இழுத்து வந்தேன். "சிரிங்க! இன்னும் கொஞ்சம் சிரிங்க! தர்ஷி, அம்மா தோள்ல கை போடு. கவின், உன்ன என்ன தூக்கிலயா போடப் போறாங்க?" என்று கத்திக் கத்தி எடுத்த படங்களை இப்போது பார்த்தால், கடத்தப்பட்ட குடும்பத்தின் படங்கள் மாதிரி இருக்கும். சாந்தி எல்லாப் படத்திலும் பச்சை. கடலைவிடப் பச்சை.

அன்று பின்னேரம் பெரிய மண்டபத்தில் எல்லாரையும் கூப்பிட்டார்கள். மறுநாள் இறங்கப் போகிற நாட்டைப் பற்றி விளக்கமாம். முன் வரிசையில் நாலு கதிரை பிடித்தேன். மேடையில் ஒரு பிள்ளை மைக்கைப் பிடித்து, "அன்பான பயணிகளே, நாளை காலை நாம் அழகிய இலங்கைத் தீவின் திருகோணமலையை அடைகிறோம்!" என்றாள்.

மண்டபமே கைதட்டியது. எங்கள் வரிசையைத் தவிர.

"அங்கு மக்கள் மிகவும் அன்பானவர்கள். இரண்டு கைகளையும் கூப்பி 'ஆயுபோவன்' என்று சொல்லுங்கள் பார்க்கலாம்!"

ஆயிரம் பேர் "ஆயுபோவன்" என்றார்கள். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வேறு ஏதாவது வந்திருக்கும்.

கவின் என் பக்கம் குனிந்தான். "அப்பா, போன ஏப்ரல் லீவுக்கு நாம அங்கதானே போனோம்?"

நான் மகளைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"உனக்குத் தெரியுமா?"

"வெப்சைட்லயே இருந்துச்சேப்பா."

"ஏன் சொல்லல?"

"சர்ப்ரைஸ்னு சொன்னீங்களே. ஏதோ காரணத்தோடதான் கூட்டிட்டுப் போறீங்கன்னு நெனச்சேன்."

சாந்தி கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள்: "பாஸ்கரன் அண்ணனுக்கு என்ன சொல்லப் போறீங்க?"

மறுநாள் காலை, திருகோணமலைத் துறைமுகம். குடிவரவு அதிகாரியின் மேசையில் கருநீல இந்தியப் பாஸ்போர்ட்டுகள் குவிந்திருந்தன. எங்களுடைய நாலையும் பார்த்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சிங்களத்தில் வீடு எங்கே என்று கேட்டார். கண்டி என்றேன். மறுபடியும் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெளியே நிற்கிற கப்பலைப் பார்த்தார்.

"மஹத்தயா, அப்போ ஏன் இந்தப் பக்கமா வந்தீங்க?"

சும்மா, ஒரு மாற்றத்துக்கு என்றேன். பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் சேர்ந்து முத்திரை குத்தினார்கள்.

சுற்றுலா பஸ்ஸில் வழிகாட்டிப் பொடியன் எல்லாருக்கும் கையில் சின்னக் கொடி கொடுத்தான். கோட்டைக்குள்ளே மான்களைக் காட்டி, "இதுதான் எங்க நாட்டு மான்" என்றான். சென்னைக்காரர்கள் படம் எடுத்தார்கள். கோணேஸ்வரம் போகிற வழியில் கடைக்காரர் ஒருவர் என் கழுத்து அட்டையைப் பார்த்துவிட்டு, "ஆயியே ஜி, ஆயியே" என்று ஹிந்தியில் கூப்பிட்டார். "அண்ணே, நான் கண்டி" என்றேன். அவர் நம்பவில்லை. "நல்லாத் தமிழ் பேசுறியள்" என்று பாராட்டினார்.

அந்த நேரம்தான் பின்னாலிருந்து ஒரு குரல்.

"தம்பி! அட, நம்ம தம்பியா?"

உலகத்தில் எத்தனையோ குரல்கள் இருக்கின்றன. அது ரிஃபாய் நானாவின் குரல். பக்கத்துக் கிண்ணியாவில் மச்சினிச்சி மகளின் கலியாணத்துக்கு வேனில் வந்தவர், ஊருக்குத் திரும்புமுன் பேரப்பிள்ளைகளுக்கு மான் காட்ட வந்திருக்கிறார். என்னை மேலிருந்து கீழே பார்த்தார். மஞ்சள் டீ-சேர்ட், கழுத்தில் அட்டை, கையில் கொடி.

"மாலைதீவுக்குப் போனீங்கதானே தம்பி? இது என்ன கோலம்?"

"கப்பல்... இங்கயும் நிக்கும் நானா."

"இங்கயுமா, இங்கயா?"

நான் மானைப் பார்த்தேன். மான் என்னைப் பார்த்தது. அதற்கும் புரிந்துவிட்டது.

நானா சிரிக்க ஆரம்பித்தார். வேன் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவருடைய மனைவியைக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நடுவிலே, இரண்டு நாளாகச் சுருண்டு கிடந்த சாந்தி தெளிவாகக் கேட்டாள்.

"நானா, வேன்ல எடம் இருக்கா?"

"மூணு நாலு பேருக்குத் தாராளமா ஈக்கு தங்கச்சி."

"அப்ப நான் வாறேன்."

"சாந்தி, கப்பல் திரும்பச் சென்னைக்கு..."

"ஏங்க, வீட்டுக்குப் போற பாதையில நிக்கிறேன். திரும்ப அந்தக் கடலுக்குள்ள போய், சுத்திக்கிட்டு வீட்டுக்கு வரணுமா? உங்களுக்குக் கொஞ்சமாவது இருக்கா?" என்ன இருக்கா என்று அவள் சொல்லவில்லை. எனக்கு விளங்கியது.

கப்பல் ஆளிடம் கேட்டோம். சொந்த நாட்டில் இறங்குகிறவர்களைத் தடுக்க முடியாது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம் என்றான். ஆனால் பெட்டிகளை இங்கே இறக்க அனுமதி இல்லை, சென்னையில்தான் இறங்கும், யாராவது ஒருவர் அங்கே வந்து எடுக்க வேண்டும்.

யாராவது ஒருவர். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் பிள்ளைகளைப் பார்த்தேன். ஒன்றாவது "நான் அப்பாவோட வாறேன்" என்று சொல்லும் என்று நெஞ்சுக்குள்ளே ஒரு எதிர்பார்ப்பு. இரண்டு பேரும் அம்மாவைப் பார்த்தார்கள், வேனைப் பார்த்தார்கள். கவின்தான் வாயைத் திறந்தான்.

"அப்பா, என்ட சார்ஜர் கெபின்ல இருக்கு. மறக்காம எடுத்துட்டு வாங்க."

அப்படியாக, என் முதலாவது குடும்பக் கப்பல் பயணத்தின் இரண்டாம் பாதியை நான் தனியாக அனுபவித்தேன். இரவுச் சாப்பாட்டுக்கு நாலு பேர் மேசை, நாலு தட்டு. பரிமாறுகிறவன் ஒவ்வொரு முறையும் "ஃபேமிலி வந்ததும் கொண்டு வரட்டுமா சார்?" என்று கேட்டான். துவாய் கேட்ட சென்னைக்காரர் பக்கத்து மேசையில்.

"எங்க சார் வீட்ல எல்லாரும்?"

"எறங்கிட்டாங்க."

"எறங்கிட்டாங்களா? எங்க?"

"வீட்டுக்கு."

அவர் கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

புறப்பட்ட அன்று கரை மறையுமுன் கடைசியாக சிக்னல் வந்தது. தர்ஷினி வட்ஸ்அப்பில் படங்கள் அனுப்பியிருந்தாள். தம்புள்ளையில் ரோட்டோரக் கடையில் சோளம் சாப்பிடுகிறார்கள். நானாவின் பேரன் ஒருவன் கவினின் தலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறான். சாந்தியின் முகத்தில் பச்சை போய்விட்டிருந்தது. ஒரு படத்தில் மூன்று பேரும் ஏதோ ஒன்றுக்கு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். யாரும் கெமராவைப் பார்க்கவில்லை. அந்தப் படத்தைத்தான் நான் இரண்டு நாளாக எடுக்கப் பார்த்தேன். நான் இல்லாத இடத்தில் அது தானாக விழுந்திருக்கிறது. பெரிதாக்கிப் பார்க்கலாம் என்றால், சிக்னல் போய்விட்டது.

சென்னை சுங்கத்தில் ஒரு ஆள், நாலு சூட்கேஸ். திறக்கச் சொன்னார்கள். இரண்டில் பெண்கள் உடுப்பு. விளங்கப்படுத்த நான் பட்ட பாடு தனிக்கதை. நான் கட்டுகஸ்தோட்டைக்கு வந்து சேரும்போது செய்தி எனக்கு முன்னால் வந்திருந்தது. ரிஃபாய் நானா யாரிடமும் சொல்லவில்லை, வந்தவர்களிடம் மட்டும்தான் சொன்னார். பாஸ்கரன் இப்போதெல்லாம் சிங்கப்பூரைப் பற்றிப் பேசுவதே இல்லை. கண்டி வாவிப் பக்கமாக நாங்கள் காரில் போனால் வேகத்தைக் குறைத்து, "மச்சான், அந்தப் போட்டுல ஏறினா எங்க போய் எறங்கும்? நீங்கதான் சொல்லணும்" என்பான். சொந்தக்காரர் கலியாணங்களில் புதிதாக வந்த மாப்பிள்ளைகளுக்கு என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார்கள்: "இவருதான் திருகோணமலைக்கு பாஸ்போர்ட்ல போனவரு."

அதெல்லாம் பரவாயில்லை. எனக்குள்ளே கிடந்தது வேறு கேள்வி. தர்ஷினி ஹொஸ்டலுக்குப் போவதற்கு முதல் நாள், உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, பெருந்தன்மையான குரலில் கேட்டேன்.

"கப்பல்ல நீச்சல் குளம், படம், பாட்டு எல்லாம் இருந்துச்சு. நானாட வேன்ல ஏசிகூட வேல செய்யாது. அதுல அப்படி என்னம்மா இருந்துச்சு, அவ்வளவு சிரிச்சிருக்கீங்க?"

அவள் மடிப்பதை நிறுத்தாமலே சொன்னாள்.

"ஒண்ணுமில்லப்பா. யாரும் எங்கள சந்தோஷமா இருங்கன்னு சொல்லல, அவ்வளவுதான்."