சுந்தரேசன் கார் விற்ற அழகு

"இந்த வீட்டில் ஒன்று நான் இருக்கணும், இல்லை அந்தக் கார் இருக்கணும்!"

காலங்கார்த்தாலே காபி டம்ளரை ணங்கென்று வைத்துவிட்டு சுந்தரேசன் முழங்கினார். அவர் மனைவி அனந்தலக்ஷ்மி கொஞ்சம் யோசித்தாள். அந்த யோசனை அவ்வளவு நேரம் நீண்டிருக்க வேண்டாம்.

"என்னடி, பதிலையே காணோம்?"

"இருங்கோன்னா. அவசரப்பட்டு முடிவு பண்ணப்படாதோல்லியோ?"

அந்தக் காரை பெங்களூர் மல்லேஸ்வரத்தில் தெரியாதவர்கள் கிடையாது. கறுப்பு மாரிஸ் மைனர். செகரடேரியட்டில் சூப்பரிண்டெண்டு ஆன சந்தோஷத்தில் சுந்தரேசன் செகண்ட் ஹாண்டில் வாங்கியது. வாங்கிய புதிதில் அவர் ஓட்டின மிடுக்கு என்ன, வழியில் தெரிந்தவன் தெரியாதவன் எல்லோருக்கும் ஹாரன் அடித்த தாராளம் என்ன! "நானும் ஓட்டப் பழகட்டுமா?" என்று அனந்தலக்ஷ்மி ஒருநாள் கேட்டதற்கு, "பொம்மனாட்டிக்கு எதுக்குடி ஸ்டியரிங்? இதென்ன அப்பளக் குழவியா?" என்று சிரித்துத் தள்ளிவிட்டார்.

போன வாரம்தான் அந்த மிடுக்கு ஒரு மரத்தில் போய் முட்டிக்கொண்டது. இடது பக்க மட்கார்டு அப்பளமாய் நொறுங்கிவிட்டது. விளக்கு ஒயரைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. இடது கதவு திறப்பேனா என்று அடம் பிடித்தது.

"மாடு குறுக்கே வந்துடுத்து" என்றார் சுந்தரேசன். முதல் நாள் அது கன்றுக்குட்டி. மறுநாள் ஆபீசில் சொல்லும்போது பசு. வாரக் கடைசிக்குள் பசவனகுடி நந்தி அளவுக்கு வளர்ந்துவிட்டது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். மாடும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. பிரேக்கை மிதிப்பதாக நினைத்து மனுஷன் மற்றதை மிதித்துவிட்டார். அன்றிலிருந்து ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை வெடவெடவென்று உதறுகிறது. இது பெண்டாட்டிக்குத் தெரிந்தால் மானம் கப்பலேறிவிடாதா? தெரிவதற்குள் காரைத் தலைமுழுகிவிட வேண்டும். விஷயம் இவ்வளவுதான்.

ஆனால் கன்டோன்மென்ட் மெக்கானிக் ரெமிஜியஸ் வந்து பார்த்துவிட்டுக் காரியத்தைக் கெடுத்தான். "இன்ஜின் சிங்கம் ஸார்! தகரத்தைத் தட்டி நிமிர்த்திட்டா புது வண்டி!"

"கேட்டேளா?" என்றாள் அனந்தலக்ஷ்மி. "வாங்கின அன்னிக்கு என்ன சொன்னேள்? நந்தி மலைக்குக் கூட்டிண்டு போறேன், சூரியோதயம் பார்க்கலாம்னேளே?"

"சூரியன் மல்லேஸ்வரத்துலயும்தான் உதிக்கறான்."

"இங்கே பால்காரனும் கூடவே உதிக்கறானே! நிம்மதியாப் பார்க்க முடியறதா?"

"ராசியில்லாத வண்டி. வித்தே ஆகணும்!"

மத்தியானம் சண்டை தொடரும் என்று சுந்தரேசன் தயாராக இருந்தார். அவளோ, "சரின்னா. பக்கத்தாத்து பாகீரதிக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர், கோவிந்தப்பான்னு பேர். கார்னா உயிராம். ஞாயித்துக்கிழமை வரச் சொல்லட்டுமா?" என்றாள்.

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சம்மதித்ததில்லை. அங்கேயே அவர் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். எங்கே!

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் காரியமாக, அடிபட்ட பக்கத்தைக் காம்பவுண்டு சுவரோடு ஒட்டி மறைத்தாக வேண்டும். ஓட்டவோ கை வராது. "நீ உள்ளே உட்கார்ந்து சும்மா வளையத்தைப் பிடிச்சுக்கோ, நான் தள்றேன்" என்றார். அவர் மூச்சிரைக்கத் தள்ள, கார் வளைந்து நெளிந்து சுவரோரம் அச்சு மாதிரி போய் நின்றது. தன் தள்ளுகிற திறமையை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

அடுத்தது பேச்சு சாமர்த்தியம். "அனந்தம், அவன் எதிர்ல நாம தமிழ்லயே பேசிப்போம். அவனுக்கு ஒரு மண்ணும் புரியாது."

"புரியாதா?"

"பேரே கோவிந்தப்பா, அசல் கன்னடக்காரன்டி! வரட்டும், நீயே பாரேன். தலைப்பாகையும் கறுப்புக் கோட்டுமா வருவான்."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் அவள். கல்யாணமான நாளாய் அவள் வாயில் வராத வார்த்தை. சுந்தரேசன் பூரித்துப் போனார்.

கோவிந்தப்பா தலைப்பாகையும் கறுப்புக் கோட்டுமாகத்தான் வந்தார். "நமஸ்கார ஸ்வாமி!" கேசரியைச் சாப்பிட்டுவிட்டு "சென்னாகிதே" என்றார். காபியை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு "சென்னாகிதே" என்றார். டம்ளரோடு வாசலுக்கு வந்து காரைப் பார்த்தும் அதே "சென்னாகிதே". எல்லாமே நன்றாயிருக்கிறது என்கிற ஆசாமி! இப்படி ஒருவன் கிடைப்பானா?

வாசற்படியிலிருந்து அனந்தலக்ஷ்மி தமிழில் ஆரம்பித்தாள். "ஏன்னா, அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துடப் போறார்."

"பேசாம இரு. ஆள் சரியான மண்டு" என்றார் சுந்தரேசன், காரைப் புகழ்கிற பாவனையில் முகமெல்லாம் சிரிப்பாக. "கதவு திறக்காதுங்கறதை அவனாத்துக்குப் போய்த் தெரிஞ்சுக்கட்டும்."

"சென்னாகிதே" என்றார் கோவிந்தப்பா.

"மாட்டைப் பத்திக் கேட்டா? ரெண்டு பேரும் ஒண்ணாச் சொல்லணுமே. வெள்ளையா, கறுப்பா?"

"வெள்ளை."

"ஆபீஸ்ல கறுப்புன்னு சொன்னேளாமே?"

"அப்போ கறுப்பு."

"கொம்பு இருந்துதா?"

"ஐயோ, மாடே இல்லைடி! போறுமா?" சிரித்த முகம் மாறாமலே சுந்தரேசன் வெடித்தார். "பிரேக்குக்குப் பதிலா ஆக்ஸிலேட்டரை மிதிச்சுத் தொலைச்சேன். அதுலேர்ந்து ஓட்டவே பயமா இருக்கு. ராத்திரி கண்ணை மூடினா அந்த மரம்தான் வரது. அதனாலதான் விக்கறேன், தெரிஞ்சுதா?"

சொல்லி முடித்ததும் நெஞ்சிலிருந்து அம்மிக்கல்லை இறக்கி வைத்தாற்போல் இருந்தது. அனந்தலக்ஷ்மியின் முகத்தில் கேலியே இல்லை. "இதை அன்னிக்கே என்கிட்ட சொல்லப்படாதா?" என்றாள் மெதுவாக.

கோவிந்தப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "அதுக்குப் போய் ஏன் ஸார் விக்கறீங்க? மொதத் தபா மோதினா யாருக்கும் அப்படித்தான். எனக்கே ஒரு மாசம் கை ஆடிச்சு."

"அப்படியா, உங்களுக்குமா?" என்று ஆசையாகக் கேட்டுவிட்டுத்தான் சுந்தரேசனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீ... நீங்க... தமிழ்..."

"எங்கம்மா ஆம்பூர் ஸார். பெங்களூர்ல தமிழ் புரியாதவன் எங்க இருக்கான்? மண்டுன்னீங்களே, அதுகூடப் புரிஞ்சுது. பர்வாகில்ல."

சுந்தரேசன் மனைவி பக்கம் திரும்பினார். "அடிப்பாவி! தமிழ் தெரியாதுன்னியே!"

"நான் எங்கே சொன்னேன்? நீங்கதான் சொன்னேள். சரியாத்தான் இருக்கும்னேன்."

"காரை வாங்க வந்தவர்னு..."

"கார்னா உயிர்னுதானே சொன்னேன்?"

"நான் கார் ஓட்டக் கத்துக் குடுக்கறவன் ஸார்" என்றார் கோவிந்தப்பா. "அம்மாதான் வரச் சொன்னாங்க."

சுந்தரேசனுக்குக் கண் கலங்கிவிட்டது. பயத்தைக் கண்டுபிடித்து, அதற்கு வாத்தியாரையும் கூட்டி வந்திருக்கிறாளே! இவளிடமா மறைத்தோம்! "விக்கலை!" என்று தொடையைத் தட்டினார். "அனந்தம், நந்தி மலைக்கு உன்னை நானே கூட்டிண்டு போறேன். கோவிந்தப்பா, பாடத்தை எப்போ ஆரம்பிக்கலாம்?"

கோவிந்தப்பா தலைப்பாகையைச் சொறிந்தார். "உங்களுக்கு எப்ப வேணா ஆரம்பிக்கலாம் ஸார். அம்மாதான் போன மாசமே முடிச்சு லைசென்ஸும் வாங்கிட்டாங்களே. தினம் நீங்க ஆபீஸ் போனப்புறம் என் வண்டியிலதான் பழகினாங்க."

சுவரோரம் அச்சு மாதிரி நின்ற காரை சுந்தரேசன் பார்த்தார். தன் தள்ளுகிற திறமையைப் பற்றி இருந்த அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டார்.

அதற்குள் அனந்தலக்ஷ்மி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, சாவியோடு வலது பக்கக் கதவைத் திறந்துவிட்டாள்.

"இன்னிக்கு சாங்கி ஏரி வரைக்கும். அடுத்த வாரம் நந்தி மலை. நிக்காதேங்கோ, அந்தக் கதவுதான் திறக்காதே. முதல்ல நீங்க என் சீட்டு வழியா ஏறி, அந்தப் பக்கம் நகர்ந்துக்கோங்கோ."