மாப்பிள்ளையும் பன்னிரண்டு போல்ட்டும்

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் எல்லோரும் சௌக்கியம். சௌக்கியம் என்று நானாக எழுதிவிட்டேன். உங்கள் மகனும் என் மாப்பிள்ளையுமானவர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அது செல்லும். தங்களுடைய மூட்டுவலி எப்படி இருக்கிறது, சம்பந்தி அம்மாளுக்குக் கண் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததா என்று அறிய ஆவலாக இருக்கிறோம். என் மனைவி தனியாக விசாரிக்கச் சொன்னாள். போனிலேயே கேட்டிருக்கலாம்தான். ஆனால் போனில் பேசினால் இந்த வீட்டில் எல்லோருக்கும் கேட்கும், எனக்கு மட்டும் சரியாகக் கேட்காது. அதனால்தான் கடிதம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை மேல் எனக்கு எந்தக் குறையும் கிடையாது. தங்கமான பிள்ளை. குடி கிடையாது, சீட்டு கிடையாது, குரலை உயர்த்திப் பேசமாட்டார். ஏதாவது ஒரு கெட்ட பழக்கம் இருந்திருந்தால் அதில் கொஞ்சம் பொழுது போயிருக்கும், என் தொழிற்சாலை மேல் இவ்வளவு கவனம் விழுந்திருக்காது என்று எப்போதாவது தோன்றும், அவ்வளவுதான்.

பெயிண்டும் அதைக் கரைக்கிற தின்னரும் தயாரிக்கிற இடம் என்றால் படித்த பாதுகாப்பு அதிகாரி ஒருவர் இருந்தே ஆகவேண்டும் என்பது சட்டம். இதற்கு முன் இருந்தவர் அருமையான மனிதர். நான் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போடுவார். சில சமயம் விரல் வைப்பதற்குள்ளேயே போட்டுவிடுவார். கண்பார்வை போய்விட்டது என்று வேலையை விட்டார். அதனால் வேலைக்கு என்ன குறை வந்துவிடும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அப்போதுதான் வீட்டிலேயே அதே படிப்பு படித்த மாப்பிள்ளை இருக்கும்போது வெளியாள் எதற்கு என்று எனக்குப் புத்தி போனது. சம்பந்தம் பேச வந்த அன்று நீங்கள் என் தோளில் கைபோட்டு, "என் பையன் சொன்ன பேச்சைத் தட்டமாட்டான்" என்று சொன்னது ஞாபகம் இருக்கும். யார் சொன்ன பேச்சை என்று நீங்களும் சொல்லவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. சட்டம் சொன்ன பேச்சையாம். அது இப்போதுதான் தெரிகிறது.

வந்த முதல் நாளே கலவை அறை வாசலில் என்னை நிறுத்தினார். என் தொழிற்சாலை, என் அறை, நான் வைத்த கதவு. "மாமா, போன்?" கொடுத்தேன். "வண்டிச் சாவி?" அதில் பட்டனை அழுத்தினால் வண்டி கத்துமே, அதுவும் கூடாதாம். கொடுத்தேன். பிறகு என் காதைப் பார்த்தார். "மாமா, தப்பா நினைக்காதீங்க. இதுலயும் பேட்டரி இருக்கு. உள்ள காத்து முழுக்கத் தின்னர் ஆவி. ஒரு பொறி போதும்." காது மிஷினையும் கழற்றிக் கொடுத்தேன். அதோடு விட்டாரா? என் சஃபாரி சட்டையைத் தொட்டுப் பார்த்து, இந்தத் துணி உரசினால் மின்சாரம் பிடிக்கும், பருத்தி போட்டுக்கொண்டு வாருங்கள் என்றார். அந்த சஃபாரியைப் போட்டுக்கொண்டுதான் நான் இந்தத் தொழிற்சாலையைத் திறந்துவைத்தேன், சம்பந்தி. இருந்தாலும் மாப்பிள்ளை முதன்முதலாக ஒன்று கேட்கும்போது முடியாது என்று எப்படிச் சொல்வது? சுமை ஏற்றுகிற ஆளின் பருத்தி அங்கி ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு, காது இல்லாமல் உள்ளே போனேன். அவர் ஒவ்வொன்றாகக் காட்டிக்காட்டி என்னவோ சொன்னார். நானும் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டே வந்தேன். வெளியே வந்து மிஷினை மாட்டிய பிறகுதான் தெரிந்தது, குறைகளை எல்லாம் சரிசெய்து அவர் கையெழுத்துப் போடும்வரை கலவை எந்திரத்தை ஓட்டாமல் நிறுத்திவைக்க நான் மனமார ஒப்புக்கொண்டிருக்கிறேன் என்று. மேசை நாற்காலி செய்கிற பெரிய கம்பெனிக்காரர் அதே நேரம் பார்த்து வந்து சேர்ந்தார். எவ்வளவு காலம் நடையாய் நடந்து பிடித்த ஆர்டர் அது! வருகிற வெள்ளிக்கிழமை சரக்குப் போகாவிட்டால் அவர் எதிர்த்தெருக்காரனிடம் போய்விடுவார். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பெரியவரே, முதலாளி எங்க? அப்படியே அந்த டிரம்மைக் கொஞ்சம் நகர்த்துங்க" என்றார். நகர்த்தினேன். வேறென்ன செய்ய?

இப்போது பெட்டிக்கு வருகிறேன். கலவை எந்திரத்தின் ஸ்விட்சுகள் எல்லாம் ஒரு கனத்த இரும்புப் பெட்டிக்குள் இருக்கின்றன. இரண்டு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாது. மூடியைச் சுற்றிப் பன்னிரண்டு போல்ட். எங்கள் எலக்ட்ரீஷியனைத் தொழிற்சாலையில் எல்லோரும் ரெண்டு போல்ட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். காரணம் ஒன்றும் பெரிதில்லை. ஒவ்வொரு தடவையும் பன்னிரண்டையும் கழற்றிப் பன்னிரண்டையும் மாட்டினால் மனிதன் எப்போது சாப்பிடுவது என்று, மேலே ஒன்று கீழே ஒன்று போட்டுவிட்டுப் போய்விடுவான். மாப்பிள்ளை அவனைக் கூப்பிட்டுக் கேட்டார். அவன் கொஞ்சமும் அசரவில்லை. "சார், இவ்ளோ கனம். ரெண்டு போட்டாலே எங்கயும் ஓடிடாது" என்றான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மாப்பிள்ளை, மீதிப் பத்தும் எங்கே என்றார்.

அந்தக் கேள்வியிலிருந்துதான் சனி பிடித்தது. நல்ல போல்ட்டைச் சும்மா வைத்திருப்பானேன் என்று அவன் அதையெல்லாம் நல்ல காரியங்களுக்குப் பயன்படுத்தியிருந்தான். இரண்டு வாசல் கேட்டில். ஒன்று என் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க. மூன்று ஆபீஸ் நாற்காலிகளில். மாப்பிள்ளை ஒரு பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டு எல்லாவற்றையும் கழற்றினார். கேட் சாய்ந்தது. கணக்கெழுதுகிறவர் நாற்காலியோடு சாய்ந்தார். மீதி நாலு எங்கே என்று கேட்க, ரெண்டு போல்ட்டு தலையைச் சொறிந்துகொண்டு, "அது உங்க கட்டில்ல இருக்குது சார்" என்றான். உண்மைதான். கல்யாணத்துக்கு நான் வாங்கிக்கொடுத்த கட்டிலை அவன்தான் வந்து பூட்டிக்கொடுத்தான். கடைக்காரன் கொடுத்த போல்ட் மெலிசு, பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று நல்ல எண்ணத்தில் செய்தது. மாப்பிள்ளை நேராக வீட்டுக்குப் போய் நாலையும் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டில் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாயங்காலம் என் மனைவியின் அக்கா பார்க்க வந்தவர், புதுக் கட்டில் அழகாக இருக்கிறதே என்று உட்கார்ந்தார். பெரிய அடி இல்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் என்னிடம்தான் பேசுவதில்லை. மாப்பிள்ளையிடம் சிரித்துப் பேசுகிறார். சரி, பன்னிரண்டும் சேர்ந்துவிட்டதே, மாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவார் என்று நம்பினேன். அவர் பையைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, மரை தேய்ந்துவிட்டது, இது எதுவும் உதவாது, இந்தப் பெட்டிக்கென்றே உள்ள போல்ட்டாகப் புதிது வரவழைக்க வேண்டும் என்றார். அப்படியானால் எதற்கு ஐயா கழற்றினீர்கள்? "யாரும் திரும்பக் கொண்டாந்து மாட்டிடக் கூடாதுல்ல மாமா" என்றார்.

எனக்கும் பொறுப்பு இல்லையா? போல்ட் வருகிற வரை சும்மா உட்காருவானேன், மாப்பிள்ளை மனம் குளிர ஏதாவது செய்வோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே முன்னின்று அந்தப் பெட்டிக்கு நம்முடைய முதல் தரப் பெயிண்டை அடிக்கவைத்தேன். வெளியே மட்டும் அடித்தால் கண்துடைப்பு என்று சொல்வார் என்று மூடியைக் கழற்றி, மூடியும் பெட்டியும் சேருகிற விளிம்பிலும் இரண்டு கோட்டிங். அந்த விளிம்பில் மெல்லிசாக ஒரு இடுக்கு இருப்பதைக் கண்டுபிடித்ததும் நான்தான். ஆவி உள்ளே போய்விடுமே என்று சைக்கிள் டியூபை வெட்டி அதில் வைத்து அடைத்தேன். திங்கட்கிழமை வந்து பார்த்த மாப்பிள்ளை தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சந்தோஷம் தாங்கவில்லை போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

வெளியே கூட்டிவந்து, காது மிஷினை என் கையில் கொடுத்து, மாட்டும்வரை காத்திருந்து, பிறகு சொன்னார். "மாமா, ஸ்விட்சைப் போடும்போதெல்லாம் உள்ள பொறி வரும். ஆவியும் எப்படியாவது உள்ள போகும். அதை யாராலயும் தடுக்க முடியாது. என்னைக்காவது ஒருநாள் உள்ள வெடிக்கும். வெடிச்சாலும் பரவால்லன்னுதான் இந்தப் பெட்டியவே செஞ்சிருக்காங்க. ஆனா நெருப்பு வெளிய வரக் கூடாது. அந்த இடுக்கு சும்மா விட்டது இல்ல. சூடு அது வழியா வர்றப்ப ஆறிப்போயிடும். அதைப் போய் அடைச்சு வச்சிருக்கீங்களே. பன்னெண்டு போல்ட்டும் இல்லன்னா மூடியே பறந்துடும்." இவ்வளவையும் குரலை உயர்த்தாமல் சொன்னார். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். வெடிக்கும் என்று தெரிந்தே ஒருவன் பெட்டி செய்வானா, சம்பந்தி? என் வீட்டிலும்தான் தினமும் உள்ளே வெடிக்கிறது. வாசலைத் தாண்டுவதற்குள் தானாக ஆறிவிடுகிறது. அதற்கு யாரும் போல்ட் எண்ணிக்கொண்டு நிற்பதில்லை. விளிம்பில் அடித்த பெயிண்டைச் சுரண்டி எடுக்கவே இரண்டு நாள் போயிற்று.

இதில் என் மகள் அவர் பக்கம். நேற்று அவளிடம், நீயாவது உன் வீட்டுக்காரரிடம் சொல்லக்கூடாதா என்று கேட்டேன். "அப்பா, தினமும் அந்தப் பெட்டிக்குப் பக்கத்துல நாற்காலி போட்டு உட்கார்றது யாரு? அவர் எடுத்து வெளிய போட்டா மறுபடி உள்ள கொண்டுபோய்ப் போடறது யாரு?" என்றாள். நான்தான். அங்கே உட்கார்ந்தால்தான் எந்திரமும் ஆட்களும் ஒரே பார்வையில் தெரிவார்கள். இத்தனை வருஷமாக உட்காருகிறேன், எனக்கு என்ன ஆகிவிட்டது? அதற்கு அவள் அழுதாள். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. கட்டில் விஷயமாக இருக்கலாம்.

ஆகவே தங்களிடம் ஒரே ஒரு உதவி கேட்கிறேன். நான் மாமனார்; நான் சொன்னால் அதிகாரம் ஆகிவிடும். நீங்கள் தகப்பனார், நீங்கள் சொன்னால் அன்பு. ஒரே ஒரு வரி எழுதுங்கள்: "மாமா காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடு." அது போதும். வெள்ளிக்கிழமை சரக்குப் போய்விடும், என் வயிற்றில் பாலை வார்த்ததாக இருக்கும்.

சம்பந்தி அம்மாளுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு வணக்கமும் ஆசியும் சேர்த்தே அனுப்பியிருக்கிறேன். வயதைப் பார்த்துத் தாங்களே பிரித்துக் கொடுத்துவிடவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பை என்றும் மறவாத சம்பந்தி

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி உறையில் போட்டு, தபாலில் சேர்க்கலாம் என்று அங்கிப் பையில் வைத்திருந்தேன். அதற்குள் இன்று புது போல்ட் வந்துவிட்டது. மாப்பிள்ளை தானே நின்று பன்னிரண்டையும் மாட்டவைத்தார். பிறகு எந்திரத்தை வெளியே இருக்கிற பட்டனை அழுத்தி ஓட்டிப் பார்க்க வேண்டும், யாரும் உள்ளே இருக்கக் கூடாது என்று எல்லோரிடமும் சொன்னாராம். என் காது மிஷின் வாசலில் இருந்தது. நான் வழக்கம்போலத் தலையாட்டிவிட்டு, டிரம்களுக்குப் பின்னால் மறைத்துவைத்திருந்த நாற்காலியை எடுத்துப் பெட்டியோரம் போட்டு உட்கார்ந்தேன். எந்திரம் ஓடியது. கொஞ்ச நேரம் கழித்து யாரோ பின்னாலிருந்து நாற்காலியை எட்டி உதைத்தது போல முதுகில் ஒரு இடி. திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஆட்கள் எல்லோரும் ஓடுகிறார்கள். டீ வந்துவிட்டது என்று நினைத்து எழுந்தேன். ஒருவர் மட்டும் உள்ளே ஓடிவந்தார். மாப்பிள்ளை. என்னைச் சிறுபிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு முற்றம் தாண்டி ஓடிக் கீழே வைத்து, என் முகத்தைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னார். ஒன்றும் கேட்கவில்லை. உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. மாமா, மாமா என்றுதான் இருக்க வேண்டும்.

பிறகு ரெண்டு போல்ட்டு பன்னிரண்டையும் கழற்றித் திறந்தான். உள்ளே ஒரு ஸ்விட்சு மிச்சமில்லை, எல்லாம் கரி. வெளியே நான் அடித்த பெயிண்டில் ஒரு கொப்புளம்கூட இல்லை. அவன் அங்கேயே உட்கார்ந்து அழுதான். இரண்டோடு இருந்திருந்தால் இந்தப் பின்குறிப்பை வேறு யாராவதுதான் தங்களுக்கு எழுதியிருக்க வேண்டும்.

நாற்காலியை நானே வெளியே கொண்டுவந்து போட்டுவிட்டேன். கட்டிலுக்குக் கடைக்காரன் கொடுத்த போல்ட்டையே மாட்டியாகிவிட்டது. மேசை நாற்காலிக்காரருக்குப் போன் செய்து சரக்கு தாமதமாகும் என்று சொன்னேன். எவ்வளவு நாள் என்று கேட்டார். மாப்பிள்ளையைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றேன். கடிதத்தைக் கிழித்துப்போடத்தான் எடுத்தேன்; ஆரம்பத்தில் சுகம் விசாரித்தது அவ்வளவு நன்றாக அமைந்துவிட்டதால் மனம் வரவில்லை.

மாப்பிள்ளை இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பெட்டியையே மாற்ற வேண்டுமாம். சம்பந்தி, தயவுசெய்து அந்த ஒரு வரியை மட்டும் எழுதிவிடாதீர்கள்.