தினமும், சனிக்கிழமை உட்பட

"அக்கா, ஞாயித்துக்கிழமை என்னைச் சர்ச்ல பூசைக்கு வரச் சொல்லிட்டாங்க. எப்ப எந்திரிக்கணும், எப்ப முட்டி போடணும், ஒண்ணுமே எனக்குத் தெரியாது," என்றாள் அக்ஷரா, கோட்டைக்கூடக் கழற்றாமல்.

லா ஷப்பலில், தமிழ்க் கடைத்தெருவுக்கு மேலே நாலாம் மாடியில், இம்மாகுலேற் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். பகலில் ஓட்டல் அறைகளைத் துப்புரவாக்கும் வேலை. வீட்டில் ஓர் அறையை அக்ஷராவுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்.

"நீர் சைவமெல்லே? உம்மை ஏன் கூப்பிடினம்?"

அதுதான் வில்லங்கம். 2013 செப்டம்பரில் மயிலாடுதுறையிலிருந்து வந்து, புறநகரில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாகச் சேர்ந்திருந்தாள் அக்ஷரா. நேர்முகத்தில் தலைமை ஆசிரியை ஜிஸ்லேன், "நீங்கள் பிரத்திகாந்தா?" என்று கேட்டார். அக்ஷராவின் பிரெஞ்சு ஊரில் மாலை வகுப்பில் படித்த பிரெஞ்சு. அந்தச் சொல் அவள் காதில் 'பிராக்டிஸ்' என்று விழுந்தது. கற்பித்த அனுபவத்தைக் கேட்கிறார் போல என்று நினைத்து, "ஆமாம், எட்டு வருஷமாக. தினமும். சனிக்கிழமை உட்பட," என்றாள்.

ஜிஸ்லேன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். அப்படியொரு மரியாதையை அக்ஷரா எந்த நேர்முகத்திலும் கண்டதில்லை.

மதத்தைத் தவறாமல் கடைப்பிடிப்பவரைத்தான் அந்தச் சொல் குறிக்கும் என்பது இன்று ஆசிரியர் அறையில்தான் தெரியவந்தது.

"நாளைக்கே போய் உண்மையைச் சொல்லும்," என்றார் இம்மாகுலேற்.

"டிசம்பர் வரைக்கும் சோதனைக் காலம்க்கா. பொய் சொல்லி வேலை வாங்கினேன்னு அனுப்பிட்டாங்கன்னா விசாவும் போச்சு. ஊர்ல வேலைய விட்டுட்டு வந்திருக்கேன்."

இம்மாகுலேற் அடுப்பை அணைத்தார். "அப்ப நானும் வாறன். எனக்குப் பின்னாலை இரும். நான் எழும்பினால் எழும்பும், நான் முழந்தாளிலை நிண்டால் நில்லும். அப்பம் வாங்க மட்டும் போகாதையும், அது ஞானஸ்நானம் எடுத்தவைக்குத்தான். விளங்குதோ?"

"ஓம்க்கா," என்றாள் அக்ஷரா. பயத்தில் அவள் தமிழே மாறியிருந்தது.

அது பள்ளியின் ஆண்டுத் தொடக்கப் பூசை. இருவரும் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்தார்கள். ஜிஸ்லேன் பார்த்துவிட்டார். அக்ஷராவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் முதல் வரிசையில் உட்கார வைத்தார். முன்னால் பீடம், பாதிரியார், அவ்வளவுதான். பார்த்துச் செய்ய ஒரு முதுகுகூட இல்லை. திரும்பிப் பார்த்தால் அசிங்கம். எழுந்து தவறு செய்வதைவிட மேல் என்று, அவள் பூசை முடியும்வரை கண்ணை மூடி முழந்தாளிலேயே இருந்துவிட்டாள். மற்றவர்கள் எழுந்தார்கள், பாடினார்கள், உட்கார்ந்தார்கள். அக்ஷரா அசையவில்லை.

வெளியே வந்ததும் ஜிஸ்லேன் மெதுவாகக் கேட்டார். "நீங்கள் ஏன் அப்பம் வாங்க வரவில்லை?"

அக்ஷரா தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் முடிந்த அளவு உண்மையைச் சொன்னாள். "எனக்கு அந்தத் தகுதி இல்லை, மதாம்."

ஜிஸ்லேனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அடுத்த ஞாயிறும் வருவீர்கள்தானே? நாங்களும் வருவோம்."

திரும்பும் ரயிலில் இம்மாகுலேற் தன் தலையில் கைவைத்துக்கொண்டார். "பிள்ளை, நாங்கள் பூசையிலை சொல்லுற சொல்லே அதுதான். 'ஆண்டவரே, நான் தகுதியற்றவன்.' உம்மை அவ இப்ப புனிதையெண்டு நினைச்சிருப்பா."

அடுத்த வாரம், ஞாயிறு காலையில் ரயில் சரியாக ஓடுவதில்லை என்று சாக்குச் சொல்லிப் பார்த்தாள். கணித ஆசிரியர் அந்துவான் அவளை ஏற்றிப்போகக் காரோடு வாசலில் வந்து நின்றார். தூக்கம் கலையாத முகம், ஆனால் மடிப்புக் கலையாத சட்டை. தொண்டை கட்டிக்கொண்டது என்று சொன்ன வாரம் ஜிஸ்லேன் தேன் புட்டியோடு மாடியேறி வந்தார். நாலு மாடி, லிஃப்ட் கிடையாது.

ஞாயிறுக்கு ஞாயிறு கோயிலில் ஆசிரியர்கள் கூடிக்கொண்டே போனார்கள். வரலாற்று ஆசிரியர் யோன் வந்தார். பள்ளி வாயிற்காவலர் ழான்-லூக் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வந்தார். இத்தனை பக்தியுள்ள பள்ளியில் போய்ச் சிக்கிக்கொண்டோமே என்று அக்ஷரா புலம்பினாள்.

இம்மாகுலேற் மட்டும் கைவிடவில்லை. நாளெல்லாம் படுக்கைவிரிப்பு மாற்றிவிட்டு வந்து, குசினியில் வெங்காயம் உரித்தபடியே மந்திரங்களைப் பிரெஞ்சில் சொல்லிக்கொடுத்தார். "இன்னொருக்கால் சொல்லும். உம்மடை வாயிலை அது இங்கிலீசு மாதிரி வருது." ஒருநாளும் அவர், என் சமயத்தை விளையாட்டாக்குகிறாயே என்று கேட்கவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் அக்ஷராவுக்கு வெட்கமாக இருந்தது.

வகுப்பில் மட்டும் அவளுக்குப் பயமே கிடையாது. ஆங்கிலத்தில் வாய் திறக்கவே கூசிய பிள்ளைகளை ஒருநாள் வெண்டிக்காய் விற்பவர்களாகவும் வாங்குபவர்களாகவும் ஆக்கிவிட்டாள். லா ஷப்பல் கடைகளில் கேட்ட பேரம் அத்தனையும் ஆங்கிலத்தில் நடந்தது. பக்கத்து வகுப்பு ஆசிரியரே கதவைத் திறந்து பார்த்துவிட்டு, சிரித்தபடி மூடிக்கொண்டார். ஜிஸ்லேன் அடிக்கடி வந்து வாசலில் நின்று கேட்டார். தன் பக்தியைத்தான் சோதிக்கிறார் என்று அக்ஷரா நினைத்துக்கொண்டாள்.

டிசம்பரில் ஜிஸ்லேன் அவளை அழைத்தார். "ஜனவரியிலிருந்து சின்னப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்தவ மறைக்கல்வி வகுப்பை நீங்கள் எடுக்க வேண்டும். உங்களைவிடப் பொருத்தமானவர் இங்கே யாருமில்லை."

அன்றைக்கு அக்ஷரா சாப்பிடவில்லை. "பெரியவங்கள ஏமாத்தினது போதும்க்கா. குழந்தைங்களுக்குத் தெரியாத ஒண்ணைத் தெரிஞ்ச மாதிரி சொல்லித்தர மாட்டேன். நான் டீச்சர்."

இம்மாகுலேற் அவள் தட்டை எடுத்து மூடிவைத்தார். "இதைச் சொல்லத்தான் உமக்கு இவ்வளவு நாள் எடுத்தது. ஞாயிறு நானும் பக்கத்திலை நிப்பன்."

கிறிஸ்மசுக்கு முந்திய ஞாயிறு. பூசை முடிந்து, பக்கத்து மண்டபத்தில் எல்லாரும் காப்பிக் கோப்பையோடு நின்றார்கள். அக்ஷரா நடுவே போய் நின்று, மனப்பாடம் செய்த பிரெஞ்சில் சொன்னாள்.

"நான் கிறிஸ்தவள் இல்லை. நான் ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டேன். பிறகு பயத்தில் மறைத்துவிட்டேன். இந்த அக்காதான் எனக்கு எல்லாம் சொல்லித்தந்தார். அவர் மேல் தவறில்லை. என்னை அனுப்புவதானால் அனுப்புங்கள், மதாம்."

இம்மாகுலேற் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஜிஸ்லேனின் முகம் சிவந்துவிட்டது.

"அனுப்புவதா?" என்றார். "இங்கே கற்பிக்க மதம் தேவையே இல்லை. உங்கள் மாணவர்கள் வீட்டில் ஆங்கிலத்தில் சண்டை போடுவதாகப் பெற்றோர் வந்து சொல்கிறார்கள். உங்களை நான் எங்கேயும் விடப்போவதில்லை."

ஆனால் சொல்லிவிட்டு அவர் அந்துவானைப் பார்த்தார். அந்துவான் யோனைப் பார்த்தார். யோன் தரையைப் பார்த்தார்.

வாயிற்காவலர் ழான்-லூக்தான் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டே அக்ஷராவிடம் கேட்டார்.

"அப்படியானால் மதாம், இனி ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்களும் தூங்கலாமா? நீங்கள் என்ன நினைப்பீர்களோ என்றுதான், தலைமை ஆசிரியை உட்பட, நாங்கள் எல்லாரும் கோயிலுக்கே வரத் தொடங்கினோம்."